ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளு இல்லை

அத்தியாயம் 14

ஜெபராஜின் காலில் ஏறிய திருக்கை முள் என்ன ஆயிற்று என்று இரண்டு வாரமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். முள்ளை எடுத்தாயிற்று. வீக்கமும் வற்றிவிட்டது. வற்றாதது அவருடைய கோபம் ஒன்றுதான்.

இருபத்தெட்டு வருஷம் கடலுக்குப் போன மனுஷனை டாக்டர் ஒரு மாதம் தரையில் உட்கார வைத்துவிட்டார். படகு மகன் ஷெல்டன் கைக்குப் போய்விட்டது. அந்தமான் ஜங்லிகாட் மீன் ஜெட்டித் துறைக்கு மேலே இருக்கும் மேட்டு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, போகிற வருகிற படகுகளுக்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார் ஜெபராஜ்.

ஷெல்டன் ஐஸ் வாங்கப் போனால் அரை மணி நேரம் ஏன் நிற்கிறான் என்று கேட்ட வாசகிகளும் உண்டு. உங்கள் கண்ணுக்குத் தப்பி எதையும் எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு, ஜெபராஜின் மனைவி ஞானசெல்வியின் பதினோரு எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்களும் இன்னொரு தடவை கேளுங்கள். நல்ல விஷயம் இரண்டு தடவை சொன்னால் குறைந்து போகாது.

கடலில் வயர்லெஸ் என்பது ஊர்க் குழாயடி மாதிரி. ஒருவர் பேசினால் அத்தனை பேரும் கேட்பார்கள். 'இந்த இடத்தில் மீன் படுகிறது' என்று ஒரு படகு வாயைத் திறந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தில் பதினைந்து படகு நிற்கும். ஜெபராஜுக்குக் கடலுக்கடியில் ஒரு பார் தெரியும். பாறையும் பவளமுமாக மேடு தட்டிய இடம். கொடுவாய், கலவாய் மீனெல்லாம் அங்கே கூட்டமாக மேயும். அந்தப் பார்தான் இந்த வீட்டைக் கட்டியது, இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது. அது எங்கே இருக்கிறது என்று வெளியாள் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் காத்தவள் ஞானசெல்வி. மணப்பாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எட்டாம் வகுப்பு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே யோசித்து, வயர்லெஸில் பேசுவதற்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள்.

முதலில், இரைச்சலில் தெளிவாகக் கேட்கிற எழுத்துக்களை மட்டும் வரிசையாக வைத்துக்கொண்டாள். க, ச, ட, த, ந, ப, ம, ய, ர, ல, வ. பதினொன்று. மூன்று ணகரமும் ஒரே 'ந'. மூன்று லகரமும் ஒரே 'ல'. கடல் காற்றில் யார் இதற்கெல்லாம் வித்தியாசம் பார்க்கப் போகிறார்கள்? பிறகு, திங்கட்கிழமை என்றால் ஒவ்வொரு எழுத்தையும் ஓர் இடம் தள்ளிச் சொல்ல வேண்டும். 'க' இருந்தால் 'ச'. 'கா' இருந்தால் 'சா'. அ, இ மாதிரி உயிரெழுத்தைத் தொட வேண்டாம். கடைசியில் இருக்கும் 'வ'வைத் தள்ளினால் சுற்றி வந்து மறுபடி 'க'. கடல் என்பது திங்கட்கிழமை 'சதவ்' ஆகும். செவ்வாய்க்கிழமை இரண்டு இடம் தள்ளி 'டநக்' ஆகும். அப்படியே போய் சனிக்கிழமை ஆறு தள்ளு. வீட்டில் அதற்குப் பெயரே 'தள்ளு'தான்.

இந்தப் பேச்சைக் கேட்ட வங்காளிப் படகுக்காரர்கள் அது தமிழ் என்று நினைத்தார்கள். தமிழ்ப் படகுக்காரர்கள் அது நிக்கோபாரி என்று நினைத்தார்கள். நிக்கோபாரிகள் என்ன நினைத்தார்களோ, ஒருவரும் வந்து கேட்கவில்லை.

காகிதமில்லாமல், பேனா இல்லாமல், ஷெல்டன் சொல்லச் சொல்ல மனசுக்குள்ளேயே எழுத்தைப் பின்னால் தள்ளித் தமிழாக்கிவிடுவாள் ஞானசெல்வி. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே செய்வாள். அவளைப் பற்றி எழுதும்போது எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது. மறைப்பானேன்?

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மகள் பிரவீனா கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். அம்மாவின் தள்ளையே ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தை வைத்திருக்கும் வரிசை வேறு. 'கா'வை அது 'க' ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு துண்டாக வைத்திருக்கிறது. முதல் மாதம் முழுக்கக் கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் சிதறிப் போயிற்று. கடைசியில் அம்மாவின் பதினோரு எழுத்தையே வரிசையாக எழுதிக் கொடுத்து, கிழமை எண்ணைக் கூட்டு, பதினொன்றால் வகு, மீதி எதுவோ அதுதான் எழுத்து, காலையும் கொம்பையும் தொடாதே என்று ப்ரோகிராமுக்குச் சொல்லிவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கத்தையே மாற்றிக் கொடுத்தது.

மெயின்லேண்டிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை எழுத்தும்மா?"

"பதினொன்னு சார்."

"அப்ப ஒன்னுலேருந்து பத்து வரைக்கும் தள்ளிப் பார்த்தா ஏதாவது ஒன்னுல திறந்துடும். பத்து தடவை. இதுக்குப் பேரு பூட்டா? ஸ்கூல் பசங்க விளையாட்டு. செவ்வாய்க்கிழமை வேற ஏதாவது கொண்டு வா, இல்லன்னா மார்க் போட முடியாது."

வகுப்பு சிரித்தது. பிரவீனா வீட்டுக்கு வந்து, "நல்லா போச்சும்மா" என்றாள். ஞானசெல்வி ரவா லட்டு பிடித்து அக்கம்பக்கம் எட்டு வீட்டுக்குக் கொடுத்தாள். "என் கணக்கு காலேஜ்ல பாடமாயிட்டு" என்று எட்டு வீட்டிலும் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா அதைச் சொல்லச் சொல்ல, பிரவீனாவுக்கு லட்டு தொண்டையில் நின்றது.

இதுதான் போன வாரம் வரை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். அந்தமானில் அந்நேரம் வெயில் ஏறிவிடும். ஞானசெல்வி பூசைக்குப் புடவை கட்டிவிட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பிரவீனா சும்மாவே லேப்டாப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"உன் மவன் வந்துட்டானா?" என்றார் ஜெபராஜ் வாசலிலிருந்து. கோபம் வந்தால் ஷெல்டன் அவளுடைய மகன் மட்டும்தான்.

நேற்றுச் சாயங்காலம் ஆறு தள்ளில் ஷெல்டன் சொல்லியிருந்தான். மீன் நன்றாகப் படுகிறது, காலையில் பூசைக்கு முன்னால் கரைக்கு வந்துவிடுவோம் என்று. படகில் கூட இருப்பது அவன் கூட்டாளி பாலகுமார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கடலில் கால் வைத்தவர் கிடையாது. ஜெபராஜின் அப்பா காலத்திலிருந்து கிடையாது.

"வருவான். பூசை மணி அடிக்கதுக்குள்ள வந்துருவான்."

"மணி அடிச்சா தெரியும் சேதி."

அப்போதுதான் ஷெல்ஃபில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. இந்தியில் யாரோ தெலுங்குக்காரர் ஐஸ் விலை பேசி முடித்தார். அதன் பின்னால், மெல்லிசாக, ஷெல்டன் குரல்.

"நோக்காம் தோவ்வு. சட்டி இய்ய. தாம்ய டில்லோந்."

இரண்டாவது தடவையும் அதையே சொன்னான். பிறகு இந்தியில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி, "பேட்டரி கம் ஹை. சாத் பஜே" என்றான். செட்டை அணைத்துவிட்டான்.

பேட்டரி குறைந்தால் மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிஷம் மட்டும் திறப்பது படகு வழக்கம். அடுத்தது ஏழு மணிக்குத்தான் அவன் காது திறக்கும். அதுவரைக்கும் எதையும் கேட்க முடியாது.

ஞானசெல்வி பூவைப் பாதியில் விட்டாள்.

"நோக்காம். நேத்தைக்கு உள்ள தள்ளுலயே சொல்லுதானோ? ஆறு... லோப்பாக்." தலையை ஆட்டினாள். "இல்ல. ஏழா இருக்குமோ? ரோந்நாவ்." மறுபடி தலையை ஆட்டினாள். "ஒன்னு. தோவ்வாப். மாதாவே, என் காதுதான் தப்பா கேக்குதோ?"

"சட்டின்னு ஒன்னு சொன்னான்மா" என்றாள் பிரவீனா.

"சட்டியும் இல்ல பானையும் இல்ல. அது வேற என்னமோ."

ஜெபராஜ் நொண்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். "என்ன சொல்லுதான்?"

"தெரியல."

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஞானசெல்வி அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் முகம் மாறிப்போனது.

"தெரியலன்னா? நீ போட்ட தள்ளுதானே?"

"ஞாயித்துக்கெழமைக்கு நான் தள்ளே போடலிங்க!" அவள் குரல் உடைந்தது. "திங்கள் ஒன்னு, சனி ஆறு. ஞாயித்துக்கெழமை யாரு கடல்ல இருக்கப் போறான்னு விட்டுட்டேன். அவனா ஒரு எண்ணைப் போட்டுச் சொல்லுதான். எந்த எண்ணுன்னு நான் எங்க போயி தேட?"

பிரவீனாவின் ப்ரோகிராமிலும் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஒன்றும் இல்லை. அம்மா விட்டதை மகளும் அப்படியே விட்டிருந்தாள். ஆறு நாளையும் நூறு தடவை சோதித்தவள், ஏழாவது நாளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வீட்டில் பிறந்தவள் வேறெப்படி நினைப்பாள்?

"மதியத்துக்கு மேல காத்து மழைன்னு ரேடியோல சொல்லியிருக்கான்" என்றார் ஜெபராஜ். அவருக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் மனமில்லை.

ஞானசெல்வி கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தாள். ஆறுக்கு மேல் அவள் மனசு ஓடிப் பழகியதில்லை. விரலை மடக்கினாள், பிரித்தாள், மறந்தாள். கண்ணோரம் தண்ணீர் நின்றது.

பிரவீனா அதைப் பார்த்தாள். காலேஜில் முப்பது பேர் சிரித்தது அவளுக்கு அந்த நிமிஷம் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

"அம்மா, எந்த எண்ணுன்னு தெரிய வேண்டாம்."

"தெரியாம எப்படிட்டீ?"

"பத்துதானே இருக்கு. பத்தையும் போட்டுப் பாத்துருவோம்."

லேப்டாப்பை மடியில் வைத்தாள். கிழமை எண் இருந்த இடத்தை அழித்தாள். ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் ஒவ்வொன்றாகப் போ, ஒவ்வொன்றுக்கும் பின்னால் தள்ளி எழுது என்று இரண்டு வரி சேர்த்தாள். ஷெல்டன் சொன்ன ஆறு வார்த்தையையும் எழுத்து எழுத்தாக அடித்தாள். ஒரு தடவை தப்பாகி, அழித்து, மறுபடி அடித்தாள்.

திரையில் பத்து வரி விழுந்தது. முதல் வரி தோவ்வாப். இரண்டாவது டோல்லாந். நான்காவது கோய்யாட். அப்பா பக்கத்தில் நின்று, "என்னட்டி இது, பேய் ஓட்டுத மந்திரம் மாதிரி?" என்றார்.

பிரவீனா விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். எட்டாவது யோத்தால். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

"மோட்டார் போச்சு. தந்நி இல்ல. பார்ல நிக்கோம்."

 முதலில் ஞானசெல்விதான் அழுதாள். உடனே சிரித்தாள். மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பார்ல நங்கூரம் போட்டு நிக்கான். அடிச்சிட்டுப் போகல. தண்ணிதான் இல்ல. நிக்கான், ஏங்க, புள்ள ஒரு எடத்துல நிக்கான்!"

"ஒம்போது" என்றார் ஜெபராஜ் திரையைப் பார்த்து. "ஒம்போதை எங்கேருந்து பிடிச்சான் அந்தப் பய?"

 அவசரத்தில் யாரும் அதைத் தொடரவில்லை.

"இதை எப்படிட்டீ கண்டுபிடிச்ச?" என்றாள் ஞானசெல்வி.

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். இனிமேல் தொண்டையில் லட்டை வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

"நான் கண்டுபிடிக்கலம்மா. வெள்ளிக்கிழமை அந்த சார் சொன்னாரு. பத்து தடவை தள்ளிப் பாத்தா திறந்துரும், இதெல்லாம் ஒரு பூட்டான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மார்க் போடல. செவ்வாய்க்கிழமை வேற கொண்டு வரச் சொல்லிட்டாரு. நீ லட்டு குடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

ஞானசெல்வி திரையை விட்டு மகள் பக்கம் திரும்பினாள். அடி விழுமோ என்றுகூடப் பிரவீனாவுக்குத் தோன்றியது.

"அவரு சொன்னது நெசந்தானே?" என்றாள் அம்மா. "பத்து தடவையில திறந்துட்டே. எனக்கு இத்தனை வருஷமா இது தோணல பாரு."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு வருத்தம்? பூட்டும் நம்ம வீட்டுது. உடைச்சதும் நம்ம வீட்டுப் பிள்ள. அண்ணன் உசுரோட நிக்கான்னு அஞ்சு நிமிசத்துல சொல்லிட்டே. செவ்வாக்கெழம இதையே கொண்டு போ. பூட்டு இங்க இருக்கு, உடைக்கது இங்க இருக்கு, ரெண்டையும் நாங்கதான் செஞ்சோம்னு சொல்லு. அதுக்கும் மார்க் இல்லன்னா நான் வாரேன் காலேஜுக்கு."

ஜெபராஜுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஞானசெல்வி காலேஜுக்குப் போனால் தேர்வாளருக்கு என்ன கதி என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

*

ஏழு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

"யார அனுப்பதுக்கு?" என்றாள் ஞானசெல்வி.

"பக்கத்து வீட்டு ஜெயமணியோட டிங்கி போட்டை எடுத்துட்டு நான் போறேன்."

"இந்தக் காலோடயா? ஜெயமணி அண்ணன் குடும்பத்தோட அப்பவே பூசைக்குப் போயிட்டாவ. சாமியார் பிரசங்கம் முடிச்சு, ஊர்க்கதை பேசி முடிச்சு வெளிய வர எட்டரை ஆயிரும். நம்ம ஆளு போட் அத்தனையும் கரையில கட்டிக் கிடக்கு. இன்னைக்குத் தண்ணில இருக்கது யாரு போட்டு?"

அது யாருடையது என்று ஜெபராஜுக்குத் தெரியும். 

ஞாயிற்றுக்கிழமையும் கடலில் இருப்பது ஈஸ்வரனின் படகுகள். ஜெட்டி வாசலில் ஐஸ் கடை வைத்திருக்கும் அதே ஈஸ்வரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலை அறுந்த சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. ஜெபராஜ் அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை. ஐஸ் வாங்க ஷெல்டன்தான் போவான். கல்லாவிலும் வயர்லெஸிலும் அங்கே உட்கார்ந்திருப்பது ஈஸ்வரன் மகள் அகிலா.

"அவன்கிட்ட கேக்கவா?" என்றார் ஜெபராஜ். "கேட்டா பாருக்கு வழி சொல்லணும். எங்கப்பா எனக்குக் காட்டினது. கூடப்பொறந்த தம்பிக்கே நான் காட்டல. அந்த ஈஸ்வரனுக்கு நானே கையப் பிடிச்சுக் காட்டணுமா?"

"ஏங்க."

"இன்னும் ஒன்னரை மணி நேரம் பொறுத்தா ஜெயமணி வந்துருவான்."

"ஏங்க, தண்ணி இல்லன்னு சொல்லுதான்."

ஜெபராஜ் வாசல் வழியாகக் கடலைப் பார்த்தார். மேகம் இன்னும் தெற்கேதான் இருந்தது. வெயில் தகரக் கூரையில் கொதித்தது. படகில் நிழல் எவ்வளவு இருக்கும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்தப் பலகையில்தான் அவருடைய பாதி ஆயுசு போனது. பாரை நினைத்தார், அப்பாவை நினைத்தார். பெருமைப்பட அவருக்கு வாழ்க்கையில் இரண்டு விஷயம்தான் உண்டு. ஒன்று அந்தப் பார். இன்னொன்று இந்தப் பிள்ளைகள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இன்றைக்கு வழியில்லை.

"கூப்பிடு" என்றார்.

"என்ன?"

"ஈஸ்வரனைக் கூப்பிடுட்டி. தள்ளெல்லாம் வேண்டாம். தமிழ்லயே கூப்பிடு. ஜெபராஜ் கேக்கான்னு சொல்லு. வழி நான் சொல்லுதேன்."

பிரவீனா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். நொண்டிக் காலோடு, கசங்கிய கைலியோடு, இவ்வளவு உயரமாக அப்பா இருந்து அவள் பார்த்ததில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவில்லை.

சுவர்க்கடிகாரம் ஏழைத் தொட்டது. ஞானசெல்வி மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்த விரல் போனது. அதற்குள் வயர்லெஸ் தானாகவே பேசிவிட்டது.

பெண் குரல். இளம் குரல். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

"அத்தா தோக் ரமுசு. தபத்தகாச."

பிரவீனா அவசரமாக லேப்டாப்பில் அடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வார்த்தைக்குக்கூட வரவில்லை. அம்மா முந்திக்கொண்டாள். ஒன்பது தள்ளு என்று தெரிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஞானசெல்வியின் மனசு ஒன்பதையும் பழகிவிட்டிருந்தது.

"அப்பா போட் வருது" என்றாள் மெதுவாக. "பயப்படாத."

"யாரு அப்பா?" என்றார் ஜெபராஜ். "யாரு போட்டு?"

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. இப்போது ஷெல்டன். தொண்டை வறண்டு போயிருந்தாலும் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

"வமி, அலியா."

 இந்தத் தடவை பிரவீனாதான் திரையைப் பார்த்து வாசித்தாள். "சரி, அகிலா."

சரி, ஒன்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது அந்த வீட்டுக்கு விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா தள்ளு வைக்கவில்லை. மகன் வைத்திருந்தான். கரையில் படகு கட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மேட்டு வீட்டுக்கும் ஐஸ் கடைக்கும் நடுவில் அந்த ஒன்பது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கடலில் அவசரம் வந்தபோது, அது யாருடைய எண் என்பதை மறந்து, கிழமைக்குப் பழகின எண்ணையே வாய் சொல்லிவிட்டது.

ஜெபராஜ் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவருக்கு இன்னொன்றும் விளங்கியிருந்தது.

"ஈஸ்வரன் போட் கிளம்பியாச்சு" என்றார். "நான் வழி சொல்லல. நீ சொல்லல. அப்ப அந்தப் பிள்ளைக்குப் பார் எங்க இருக்குன்னு யாரு சொன்னா?"

ஞானசெல்வி கையில் மைக்கை வைத்தபடியே நின்றாள். கோபப்பட வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது. கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அதை அடக்க அவளால் முடியவில்லை.

"ஒரு எழுத்து பிசகல, கவனிச்சியாட்டி?" என்றாள் மகளிடம். "தபத்தகாச. அதைச் சொல்ல எனக்கே நாக்கு சுத்தும். அந்தப் பிள்ள தண்ணி பட்டபாடாச் சொல்லுது. எவ்வளவு நாள் பழகியிருப்பா!"

"அம்மா, அப்பா முகத்தைப் பாரு."

ஞானசெல்வி பார்த்தாள். பார்த்துவிட்டு, பாதியில் விட்ட பூவை எடுத்துத் தலையில் சரியாக வைத்துக்கொண்டாள். மைக்கை வாயருகே கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினாள். ஒன்பது தள்ளில், சுத்தமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

"அந்நா லேல்லேட்."

அம்மா கேக்கேன்.

பொத்தானை விட்டாள். கடலிலிருந்து ஒரு சத்தமில்லை. ஐஸ் கடையிலிருந்தும் ஒரு சத்தமில்லை.